மாச்சய்யாவுக்கு இரண்டு வெடி

ஜூலை 8
குடகின் மேகங்கள் எல்லாம் எங்கள் கூரைமேல்தான் குடித்தனம் நடத்துகின்றன. அண்ணன் பெள்ளியப்பா காலையிலிருந்து ஆயுதங்களுக்கு எண்ணெய் போடுகிறார். கூடம் முழுக்கத் துப்பாக்கி, கத்தி, இரும்புத் தொப்பி, குண்டுகளின் பித்தளைக் கூடு. சுவரில் எழுபத்தொன்றுப் போரின் படங்கள். எதிரிப்படை வந்தால் உட்கார இடமில்லாமல் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிடும். எண்ணெய்த் துணி பிழிவது நான். கடைசிக் காலத்தில் எனக்குக் கிடைத்த ராணுவப் பதவி.

ஜூலை 11
ஊரே துக்கத்துக்கு வந்தது. யாரும் சாகவில்லை.

அண்ணன் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து அடுத்தடுத்து இரண்டு வெடி வெடித்தார். இங்கே அப்படி வெடித்தால் அந்த வீட்டில் சாவு. வெள்ளை உடுத்தி, குடை பிடித்து, பாதிக் கர்நாடகம் வந்து இறங்கியது. என்னை முழுசாகப் பார்த்ததும் பக்கத்துத் தோட்டத்துத் தம்மய்யா முகத்தில் ஓர் ஏமாற்றம்.

"நீ இல்லியா சோமு? அப்ப யாரு?"

அண்ணன் சுவரிலிருந்து கழற்றிய படத்தை நீட்டினார். "மாச்சய்யா. இப்பத்தான் போனான்."

மாச்சய்யா அந்தப் போரில் அண்ணன் மடியில் செத்தவன். அண்ணனுக்கு இரண்டு வருடமாகவே நினைவு நழுவுகிறது.

யாரும் சிரிக்கவில்லை. தேச்சம்மா அண்ணி எல்லோருக்கும் காபி கொடுத்தார்.

ஜூலை 19
மறுபடியும். கால்வாசிப் பேர் வந்தார்கள்.

ஜூலை 27
மறுபடியும். தம்மய்யா மட்டும், அரைக்கால் சட்டையோடு.

"மாச்சய்யாதானே?"

"ஆமா."

"பாவம். காபி இருக்கா?"

படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணனுக்கு அது புதுச் சாவு. அழுகையும் புதுசு. எனக்குத்தான் எல்லாம் பழசாகிவிட்டது.

ஜூலை 28
அண்ணி அடுக்களையில் பிடித்துக்கொண்டார். "தோட்டாவை எல்லாம் ஒளிச்சு வை சோமு. நாளைக்கு நெசமாவே அவரு போனா, வெடி கேட்டு ஒருத்தன் எட்டிப் பாப்பானா?"

குடகு மண்ணில் பிறந்த கொடவனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்குவதும் நடுச்சந்தையில் வேட்டியை உருவுவதும் ஒன்று. முடியாது என்றேன். ஆனால் அண்ணி சொன்னது நெஞ்சை விட்டு இறங்கவில்லை. தனியாகவா போவார்? இத்தனை பேரை இழந்த மனுஷன்?

ஆகஸ்ட் 2
மகா தந்திரசாலியான நான் தோட்டாவுக்குப் பதில் படத்தை ஒளித்தேன்.

"மாச்சய்யா எங்கடா? காவலுக்குப் போனவன் இன்னும் வரல" என்றார். கொஞ்ச நேரத்தில் ஆளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. சாயங்காலம் காபிச் செடிகளுக்குள் கண்டுபிடித்தேன். முழங்கால்வரை அட்டை. "சத்தம் போடாதே. நீ அந்தப் பக்கம் தேடு" என்றார்.

தேடினேன். என்ன செய்ய?

ஆகஸ்ட் 3
படத்தை மாட்டினேன். இரண்டு வெடி. யாரும் வரவில்லை.

நானே வெள்ளை உடுத்திக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

"நீ மட்டுந்தானா?"

"மழைண்ணா. வருவாங்க."

ஆகஸ்ட் 16
வெள்ளை உடுத்தினேன். வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 3
கைல்போல்து, எங்கள் ஆயுதத் திருநாள். ஆயுதங்களையெல்லாம் பூசை அறையில் அடுக்கி, காந்தள் பூ வைத்துக் கும்பிட்டோம். பன்றிக்கறி, அரிசி உருண்டை. தம்மய்யா மூன்று பஞ்சத்துக்குச் சேர்த்துச் சாப்பிட்டான்.

அண்ணன் போய் மாச்சய்யாவின் படத்துக்கு முன்னால் நின்றார். நான் கொடியிலிருந்து வெள்ளைத் துணியை எடுக்கப் போனேன்.

"சோமு, யாருடா இந்தப் பையன்? லட்சணமா இருக்கான்."

"உங்ககூடப் படையில இருந்தவர்ணா."

"உசுரோட இருக்கானா?"

தம்மய்யா உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"இருக்கார்ணா."

"நல்லது" என்று அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

அவருடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். வானத்தைப் பார்த்து இரண்டு வெடி. ஊரெங்கும் மரத்தில் தேங்காய் கட்டிச் சுட்டு விளையாடும் நாள். யார் காதிலும் விழுந்திருக்காது. தம்மய்யா மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

உள்ளேயிருந்து அண்ணன் கேட்டார்: "தேங்காயில பட்டுதாடா?"

"படலண்ணா."