தூர் வார ஆளில்லை

ராசிங்காபுரம்,
12.2.1979

தம்பி பால்சாமிக்கு அண்ணன் காசிமாயன் எழுதுறது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் ஈராக்கு வெயிலைத் தின்னு சுகமா இருப்பாய்.

முதல்ல ஒரு மானக்கேட்டைச் சொல்லிர்றேன். மங்கோலியக் குதிரைப்படை பாக்தாத்துக்குள்ள புகுந்து ஆளையெல்லாம் வெட்டி, வாய்க்காலை நாசம் பண்ணுச்சுன்னு எழுதியிருந்தாய்ல? நான் படிச்சது அஞ்சாப்பு. 1258ங்கிறதை உன் கம்பெனி நம்பர்னு நினைச்சுட்டேன். பதறிப்போய்ப் பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காய் உடைச்சேன். அப்புறம் கன்னையன் வாத்தியார் வாசிச்சுப் பார்த்துட்டு, "யோவ், இது எழுநூறு வருசத்துக்கு முந்தி நடந்தது"ன்னார். இப்ப டீக்கடையில என் பேரு மங்கோலியன். உன் மதினி பத்து நாளாச் சட்னி அரைக்கிறா.

ஒரு சந்தேகம் அப்பு. படை போயி எழுநூறு வருசமாச்சு. இன்னுமா அந்த மண்ணு உப்புப் பூத்துக் கிடக்கு? வாய்க்காலை மறுபடி வெட்டிவிட வேண்டியதுதானே, அந்த ஊர்க்காரனுக்கு அவ்வளவு சோம்பலா?

எப்ப வர்றாய்? இது மதினி கேட்டது. நான் கேக்கலை.

அண்ணன்,
காசிமாயன்

பாக்தாத் பக்கம்,
20.4.1979

அண்ணனுக்கு,

சோம்பல் இல்லை அண்ணே. எங்கள் இன்ஜினியர் இந்த ஊர்க்காரர். வாய்க்கால்கள் படை வருவதற்கு முன்பே மேடேறத் தொடங்கிவிட்டன, எல்லாப் பழியையும் அவர்கள் மேல் போட முடியாது என்கிறார். ஆனால் வருசா வருசம் தூர் வாரியவர்கள் செத்தார்கள், மிஞ்சியவர்கள் ஓடினார்கள். எந்த மடையை யார் பார்ப்பது என்கிற முறையே அற்றுப்போனது. வண்டல் ஏறி, தண்ணீர் வடியாமல், உப்பு மேலே வந்தது. அந்த உப்பைக் கழுவத்தான் எங்களை வைத்து வடிகால் வெட்டுகிறார்கள்.

நம் ஊர் வாய்க்காலில் நீ என் மடையை அடைத்தது இருபது நாள்தான். மிளகாய் கருகியதற்கு நான் அழவில்லை. எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி, என் பெண்டாட்டி பொன்னுமணி கிணற்றிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றினாள். நீ வரப்பில் நின்று பார்த்தாய். பிள்ளை தங்கவில்லை. இந்த மூன்று வருசத்தில் அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதியதில்லை.

அந்த ஒரு வரியை எழுது. டிக்கெட் போட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன்.

பால்சாமி

ராசிங்காபுரம்,
3.6.1979

தம்பிக்கு,

கடுதாசி கிடைச்சது. பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? மங்கோலியன் எவனும் மன்னிப்புக் கேட்டுக் கடுதாசி போட்டானா, நான் போடுறதுக்கு? சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதே.

வாய்க்கால்ல முழங்கால் உயரத்துக்கு வண்டல். தலைமடைப் பக்கத்துப் பாதி உன் பங்கு. அதை வாராம என் பாதியை மட்டும் வாரிப் பிரயோசனமில்லை. வெரசா வா.

காசிமாயன்

15.8.1979

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் பொன்னுமணிக்கு அனுப்பவில்லை. என் நிலத்தை நம் ஊர் மொக்கையனுக்கு விலைக்குக் கொடுத்துவிட்டேன். பொன்னுமணி கம்பத்தில் தன் ஆத்தா வீட்டிலேயே இருப்பாள். நான் திரும்பினாலும் அங்கேதான். என்னை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள். இனி எழுத வேண்டாம். மதினியைக் கேட்டதாகச் சொல்.

பால்சாமி

ராசிங்காபுரம்,
2.10.1979

தம்பிக்கு,

எழுத வேண்டாம்னு சொன்னாய். பழைய விலாசத்துக்கே போடுறேன்.

மடையை அடைச்சது நான். அவ குடம் தூக்குறதைப் பார்த்துக்கிட்டு நின்னது நான். கூப்பிட்டு இறக்கி வைக்கச் சொல்ல வாய் வரலை. பிள்ளைக்குக் குழி வெட்ட மண்வெட்டி கேட்டு ஆள் விட்டாய். இல்லைன்னு சொல்லி அனுப்பினேன். கதவுக்குப் பின்னாலதான் இருந்துச்சு.

கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தா நீ மறந்துருவாய்னு நினைச்சேன்.

மொக்கையனுக்குக் கிணறு இருக்கு, வாய்க்கால் வேண்டாமாம். உன் பாதியை வார ஆளில்லாம என் வயலுக்குத் தண்ணி வரலை. நானும் மதினியும் தினமும் ஜீப்புல போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கக் கூலிக்குப் போறோம். நேத்து இறங்குறப்ப ஒரு வளைவுல என் இடது கால் செருப்பு ஜீப்புலருந்து விழுந்துருச்சு. டிரைவர் நிறுத்தலை. வலது கால் செருப்போட போடியில பஸ்சு ஏறி வீடு வந்தேன்.

காசிமாயன்