வாலில்லாத வைடா

சாம்பியா
6.9.1998

அன்புள்ள லதாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? வேர்க்கடலைக்கு மழை கிடைத்ததா?

விடுதியில் சமையல் வேலை என்றுதானே அழைத்து வந்தார்கள், இப்போது விருந்தாளிகளுக்குக் குருவியும் காட்ட வேண்டுமாம். பெயர் வைடா. யாரோ அதட்டுவது போல ஒரு பெயர். அதில் இரண்டு ஜாதி. ஒன்றில் ஆணின் வால் நீண்டு கூராக முடியும், மற்றதில் அகலமாக இருக்கும். பருவம் முடிந்ததும் இரண்டும் வாலை உதிர்த்துவிட்டு ஊர்க்குருவி மாதிரி உட்கார்ந்துகொள்கின்றன. எதை எதுவென்று சொல்வது? நேற்று மாற்றிச் சொல்லிவிட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை.

இரண்டுமே கூடு கட்டாது. இது ஒரு குருவியின் கூட்டிலும் அது வேறொரு குருவியின் கூட்டிலும் முட்டையிட்டுவிடும். வளர்ந்த கூட்டின் பாட்டைத்தான் குஞ்சு பாடுமாம். "அதை வைத்துக் கண்டுபிடி" என்கிறார் முதலாளி.

போன ஞாயிறு திருப்பதிக்கு, உன் தங்கை வீட்டுக்குப் போன் போட்டேன். "அங்கயே படிக்கட்டும், இங்க இன்னா இருக்குது" என்று நீ விட்டாயே, நம் தேன்மொழி, அவள்தான் எடுத்தாள். "நான்னா" என்றாள், தெலுங்கில் அப்பாவைக் கூப்பிடுவது போல. "நைனாதாம்மா, சொல்லு" என்றேன். "மீரு காது" என்றாள். நான் இல்லையாம். சித்தப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

தசரா லீவுக்கு அவளை அழைத்து வந்து, குரலைக் கேசட்டில் பிடித்து அனுப்பு. எலுமிச்சை ஊறுகாயும் வை. தபால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

தேன்மொழியின் நைனா,
சம்பத்