போர்ட் ருவாவுக்கு ஒரே சாலை

செப்டம்பர் 8, திங்கள். ஃபோர்ட் வில்லியம்

இடது குதிகாலில் கொப்புளம். நானே ஊசியால் குத்தி, பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டேன். டண்டீயை விட்டுக் கிளம்பி நான்காவது நாள். இன்று ஆறு மைல்தான் நடந்திருப்பேன். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாறை மேல் உட்கார்ந்து, நனைந்துகொண்டே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றேன். ரொட்டி கொழகொழவென்று ஆகிவிட்டது. தின்னாதே என்று சொல்ல ஆளில்லை.

விடுதிச் சமையலறையில் ஒரு பெண்மணி தன் சூப்பில் பாதியை என் கிண்ணத்தில் ஊற்றினார். வேண்டுமா என்று கேட்கவில்லை. பெயர் நெட்டா. பெய்ஸ்லிக்காரர், அறுபத்தேழு வயது, பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து நான்கு வருடம். நெட்டாவும் என்னைப்போல் முதுகுப்பையோடு தனியாகத்தான் சுற்றுகிறாராம்.

"பேரு என்ன கண்ணு?"

"எல்ஸ்பெத்."

"அம்மாடி, வாய் சுளுக்கிக்கும். எல்சின்னு கூப்பிடறேன்."

சிரித்துவிட்டேன். சூப் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

எல்லாவற்றையும் நெட்டாவிடம் கொட்டிவிட்டேன். முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சுலபம்.

"அடிச்சானா?" என்று கேட்டார். இல்லை. "குடியா?" இல்லை. "வேற பொம்பளை?" இல்லை.

"அப்புறம் என்னதாம்மா உனக்கு?"

எப்படிச் சொல்வது? கடையில் நான் ஒரு பூட்ஸை எடுத்தால் என் கணவன் கென்னத் அதை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு வேறொன்று எடுத்துத் தருவான். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். சாப்பாட்டு விடுதியில் எனக்கும் சேர்த்து அவனே சொல்லிவிடுவான். எனக்குக் குளிர்கிறதா என்பதுகூட அவனுக்குத்தான் தெரியும். இப்படி இருபத்திரண்டு வருடம். ஏப்ரலில் ஒரு பையோடு அக்கா இஸோபெல் வீட்டுக்குப் போய்விட்டேன். இந்தப் பயணம் அக்காவுக்கு மட்டும் தெரியும்.

நெட்டா என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நானும் வடக்கதான் போறேன். ஒண்ணாப் போலாம்."

"சரி" என்றேன். ஏன் சொன்னேன்?

செப்டம்பர் 10, புதன். ரட்டகன்

நெட்டா முன்கூட்டியே விடுதிக்குத் தொலைபேசியில் பேசி என் கட்டிலைத் தன் அறைக்கு மாற்றிவிட்டார். "அந்த ஜன்னலோரக் கட்டில் ஈரம் அடிக்கும் கண்ணு. எனக்குத் தெரியும்."

அந்த ஜன்னலில் ஏரி தெரியும் என்பதற்காகத்தான் அதைக் கேட்டிருந்தேன். அடுக்குக் கட்டிலில் அவர் கீழே, நான் மேலே. என் முகத்துக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது.

செப்டம்பர் 11, வியாழன்

மலைப் பக்கம் போகலாம் என்றிருந்தேன். போகவில்லை. நெட்டாவுக்கு முழங்கால் வலி. அவர் போகாதே என்று சொல்லவில்லை. "போயிட்டு வா, நான் ஒருத்தியா உக்காந்திருக்கேன்" என்றார். பிறகு பையிலிருந்து என் தொப்பியை எடுத்து என் தலையில் மாட்டி, காதுவரை இழுத்துவிட்டார்.

இன்று பதினோரு முறை "சரி" என்று சொன்னேன். எண்ணினேன்.

நல்லவங்கதானே? நல்லவங்கதான். அப்புறம் ஏன் மூச்சு முட்டுது?

செப்டம்பர் 12, வெள்ளி. போர்ட் ருவா

நேற்று மாலை தந்திரமாக ஒன்று செய்தேன். இல்லை, செய்ததாக நினைத்துக்கொண்டேன். "நான் போர்ட் ருவாவுக்குப் போறேன். சாலையே அங்க முடிஞ்சிடும், ஒண்ணும் கிடையாது, உங்க காலுக்கு ஆகாது" என்றேன். அவர் வெளியே போய்ப் போனில் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். "அந்த விடுதியில ரெண்டு பேருக்கும் கட்டில் சொல்லிட்டேன் கண்ணு."

பன்னிரண்டு மைல் ஒற்றைச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல். ஊர் வேன் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஓடுகிறது. கடைசியில் நாலு வீடு, ஒரு படகுத்துறை, விடுதி. கைபேசி வேலை செய்யாது. சுவரில் ஒரு பழைய தொலைபேசி தொங்குகிறது.

வார்டன் பெயர் டோலினா. ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். பதிவேட்டைத் திறந்து என்னைப் பார்த்து "பேரு?" என்றார். "எல்சி" என்று நெட்டா பதில் சொன்னார். டோலினா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே சொல்லும்வரை எழுதவில்லை.

செப்டம்பர் 13, சனி

நாள் முழுக்க மழை. சமையலறையில் நெட்டாவும் நானும் மட்டும். டோலினா கோழிகளைப் பார்க்கப் போயிருந்தார். மாலை ஐந்து மணிக்கு நெட்டா டீயை என் முன்னால் வைத்தார். சர்க்கரையையும் அவரே கலக்கினார்.

"கோச்சுக்கக் கூடாது. நாளைக்கு உன் வீட்டுக்காரர் வர்றாரு."

புரியவில்லை.

"வியாழக்கிழமை ராத்திரி நீ குளிச்சுக்கிட்டிருந்தப்ப உன் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுத்தேன். மனுஷன் அழுதுட்டாரும்மா. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்கன்னாரு. எனக்கு மனசு கேக்கல."

அவரே மேலே பேசிக்கொண்டு போனார். ஒரு தடவை ஒண்ணுமில்லாத விஷயத்துக்குக் கணவர் அலெக்கோட சண்டை போட்டுட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாராம். பத்து நாள் போனே பண்ணக் கூடாதுன்னு வைராக்கியம். "ஒன்பதாவது நாள் அவரு போயிட்டாரு. அடுப்பு முன்னாடி நாற்காலியில. பக்கத்து வீட்டுக்காரிதான் பாத்திருக்கா. நீ அப்படி ஆயிடக் கூடாது எல்சி."

அழுதார். நான் அவருக்குக் கைக்குட்டை கொடுத்தேன். எனக்கே கொடுமை நடந்திருக்கு, நான் அவங்களுக்குக் கைக்குட்டை கொடுத்துக்கிட்டிருக்கேன்!

தொலைபேசியில் கூப்பிட்டு வராதே என்று சொல்லலாம். எண்ணைப் பாதி சுழற்றிவிட்டு வைத்துவிட்டேன். அவன் குரலைக் கேட்டால் என் வாயில் "சரி"தான் வரும்.

பயம் அவன் மேல் இல்லை. அவன் கையைப் பிடித்து இழுக்க மாட்டான். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பான். நான் ஏறி உட்கார்ந்துவிடுவேன். அதுதான் பயம்.

வேன் செவ்வாய்க்கிழமைதான். சாலை ஒன்றுதான். அதில்தான் அவன் வருகிறான்.

செப்டம்பர் 14, ஞாயிறு. காலை ஆறரை

மழை விட்டிருக்கிறது. வரைபடத்தில் மலை மேல் ஒரு பாதை இருக்கிறது. ஒன்பது மைலில் அடுத்த ஊர். நெட்டா தூங்குகிறார். போகிறேன்.

செப்டம்பர் 15, திங்கள்

நேற்று எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

முதல் மூன்று மைல் நன்றாகவே போனது. ஓடினேன் என்றே சொல்லலாம். நாலாவது மைலில் ஓடை. வரைபடத்தில் மெல்லிய நீலக்கோடு. நேரில் பார்த்தால் பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டு, கற்களை உருட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு நாள் மழை முழுக்க அதற்குள் இருந்தது. ஊன்றி நடக்கும் தடியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன். பாதி உள்ளே போவதற்குள் பிடுங்கிக்கொண்டு போயிற்று. மேலே அரை மைல் ஏறிப் பார்த்தேன். கீழே கடல்வரை இறங்கிப் பார்த்தேன். தாண்ட இடமே இல்லை.

கரையில் உட்கார்ந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நல்ல வார்த்தைகள் இல்லை. பிறகு செத்துப்போக நான் இங்கே வரவில்லை என்று எழுந்து திரும்பி நடந்தேன். திரும்பி நடக்கும்போது அந்த நாலு மைலும் முடியவே இல்லை.

விடுதி வாசலில் கென்னத்தின் கார் நின்றது. துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

அவன் சமையலறையில் நெட்டாவின் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். கண்ணில் தண்ணீர் இருந்தது, அது நடிப்பில்லை. என் முதுகுப்பை தோளில்தான் இருந்தது, ஆனால் அவசரத்தில் கட்டிலில் விட்டுப்போன சாமான்களை நெட்டா மடித்து ஒரு பையில் போட்டு வாசலருகே வைத்திருந்தார்.

"தொப்பலா நனைஞ்சிருக்கியே பெத்" என்றான். "இதப் போட்டுக்க. காருக்குள்ள சூடு போட்டு வச்சிருக்கேன். எதுவா இருந்தாலும் வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

என் நீலக் கோட்டைக் கொண்டு வந்திருந்தான். குளிர்காலத்துக்கு அவன் வாங்கித் தந்தது. இரண்டு கையாலும் விரித்து, கை நுழைக்க வாகாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் திரும்பி நின்றேன். என் வலது கை தானாக உள்ளே போனது.

இதை அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. கை போய்விட்டது. கோட்டு கதகதப்பாக இருந்தது. எனக்கு அவ்வளவு குளிர். இடது கையையும் விட்டிருந்தால் ஒரு நொடிதான். பித்தானை அவன் போட்டுவிடுவான்.

இடது கை போகவில்லை. அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோட்டு ஒரு தோளிலிருந்து தொங்கியது. அடுப்பில் எதுவோ கொதிக்கும் சத்தம்.

"இன்னொரு கை, பெத்" என்றான் மெதுவாக.

வலது கையையும் வெளியே எடுத்தேன்.

"நான் வரல கென்னத்."

"இன்னிக்கு களைச்சிருக்க. ராத்திரி நானும் இங்கயே தங்கிட்டு, காலையில கிளம்பலாம்." டோலினாவைப் பார்த்தான். "ஒரு கட்டில் கிடைக்குமா?"

டோலினா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "கட்டில் நாலு காலியாத்தான் இருக்கு. எல்ஸ்பெத் சரின்னா தர்றேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நெட்டா கெஞ்சுவதுபோல் தலையாட்டினார்.

"இல்ல" என்றேன். சத்தம் ரொம்பச் சின்னதாக வந்தது. மறுபடி சொன்னேன். "இல்ல. தர வேணாம்."

கென்னத் கோட்டை மடித்தான். அழகாக, ஓரத்துக்கு ஓரம் வைத்து மடித்தான். "உனக்கு நல்லதுதானே செஞ்சேன்?"

"செஞ்ச. எல்லாத்தையும் நீயே செஞ்ச."

அவனுக்குப் புரியவில்லை. புரியும் என்று நான் எதிர்பார்த்திருந்தேனா? இருபத்திரண்டு வருடமாகப் புரியவைக்க முடியாததை ஒரு சமையலறையில் நின்று எப்படிப் புரியவைப்பது? புரியாமலேயே போகட்டும் என்று விட்டேன்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நெட்டா என்னை முறைத்தார். "கல்லு மனசும்மா உனக்கு" என்றார். உடனே கென்னத்தின் பக்கம் திரும்பி, "கை நடுங்குது பாருங்க. இந்தக் கையோட ஒத்தையா வண்டி ஓட்டுவீங்களா? இருங்க, நானும் வர்றேன். எனக்கும் முழங்கால் இதுக்கு மேல தாங்காது" என்றார். அவன் ஏதோ சொல்ல வந்தான். "முதல்ல அந்த சூப்பக் குடிச்சு முடிங்க!"

குடித்தான்.

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். நெட்டா முன்னிருக்கையில். கார் நகர்வதற்குள்ளேயே கையை நீட்டி எங்கே ஒதுங்க வேண்டும் என்று காட்ட ஆரம்பித்துவிட்டார். கென்னத் தலையாட்டிக்கொண்டிருந்தான். முதல் முறையாக அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கார் வளைவில் மறைந்ததும் சிரித்தேன். அப்புறம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். டோலினா என்னைத் தாண்டிப் போய், ஒரு துண்டையும் கத்தியையும் கொண்டு வந்து மடியில் போட்டார்.

"தலையத் துவட்டிட்டு மிச்சக் கிழங்க உரி."

உரித்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வேன் வந்தது. ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தார். ஏறவில்லை. அடுத்தது வெள்ளிக்கிழமை.

சுவர்த் தொலைபேசியில் இஸோபெலைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"கடவுளே! இப்ப எப்படிடி இருக்க? எப்ப வருவ?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியல." எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

செப்டம்பர் 17, புதன்

காலையில் நெட்டா நினைவு வந்தது. ஒன்பதாவது நாள். பாவம்தான். இருந்தாலும் என் போனை எடுத்தது எடுத்ததுதான்.

செப்டம்பர் 25, வியாழன். டர்னஸ்

மணல் கரையிலேயே நாள் போயிற்று. காற்று பலம். மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் சலித்தது. தனியாக இருந்தால் சலிக்கவும் செய்கிறது, இது எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் சலித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சரியாகிவிட்டது.

விடுதிக்கு வந்து ஓட்ஸ் கஞ்சியைத் தீய்த்துவிட்டேன். தீய்ந்ததையே சாப்பிட்டேன். பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தேன், காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு "சரி"கூட.