மணல் குவியலில் மூன்று பொந்து

கும்மிடிப்பூண்டி
மே 27, புதன்கிழமை

என் செல்ல மகன் பீட்டருக்கு அம்மா சாராள் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அப்பாவுக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலி, மற்றபடி வாய்க்கு ஒரு குறையும் இல்லை. போலந்தில் நீயும் குளிரில் வாடாமல், வயிறு காயாமல், வெல்டிங் பொறி கண்ணில் படாமல் சுகமாய் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விடியற்காலையில் என் ஜெபம். நாள் தவறாமல் போனில் முகம் பார்க்கிறோமே, இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல, நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். அதனால் சர்ச்சில் கொடுத்த மாதக் காலண்டரில் கிழித்த நாலு தாளின் பின்பக்கம் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். மூலையில் நம்பர் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி. கடைசித் தாளை முதலில் புரட்டிப் பார்க்காதே, பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே உனக்கு அந்தப் புத்தி உண்டு.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். உன் கல்யாணத்துக்காக மாடியில் எழுப்புகிற ரூம் பாதிச் சுவரோடு நிற்பதற்கு லாரி ஸ்டிரைக்தான் காரணம் என்று அப்பா சொன்னார் இல்லையா, அப்படி ஒரு ஸ்டிரைக்கும் இல்லை. மணல் டிசம்பரிலேயே வந்து இறங்கி வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வேலையை நிறுத்தியது நான்தான். ஈஸ்டர் முடிந்த வாரம் கொத்தனார் லோகு ஒரே பக்கமாக வெட்டி வெட்டி எடுத்ததில் குவியல் அந்தப் பக்கம் செங்குத்தாக நின்றது, மழையில் நனைந்து இறுகின மணல். அவர் நாலு நாள் வேறு சைட்டுக்குப் போய் வருவதற்குள் அதில் பஞ்சுருட்டான் குருவி மூன்று பொந்து போட்டுவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்கும், கம்பெனி காம்பவுண்டுக்குப் பின்னால் கரண்ட் கம்பியில் வரிசையாக உட்காருமே, உடம்பெல்லாம் இளம்பச்சை, தலையில் செம்புப் பாத்திரம் தேய்த்த நிறம், கண்ணுக்கு மை தீட்டினாற்போல ஒரு கறுப்புக் கோடு, வாலில் ஊசி மாதிரி ஒரு இறகு நீட்டிக்கொண்டு இருக்கும். தும்பியைப் பிடித்து வந்து கம்பியில் அடித்து அடித்து விழுங்குமே, அதேதான். வாசற்படியில் நின்று நான் காபி குடிக்கிற தூரத்தில், மூக்கால் குத்திக் குத்தி, காலால் மணலைப் பின்னுக்கு வாரி இறைக்கிறது. மொத்தம் மூன்று ஜோடி. காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பைத்தியம் உனக்குப் புதிதில்லை. பதினெட்டு வருஷமாக சிப்காட்டில் பேக்கிங் வேலை, ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் ஒரு பக்கம் இரும்பு உருக்குகிற புகை, இன்னொரு பக்கம் ஏரி. அந்தப் புகையிலிருந்து கண்ணைத் திருப்பினால் ஏரிக் கோரையில் நீலத்தாழைக்கோழி சிவப்பு மூக்கை வைத்துக்கொண்டு தண்டைப் பிடுங்கித் தின்னும், பனங்காடை சும்மா உட்கார்ந்திருக்கும்போது மண் நிறமாக இருந்துவிட்டு இறக்கையை விரித்தால் அப்படி ஒரு நீலம் வரும். கூட வேலை செய்கிற பெண்கள், சாராளக்கா பஸ்ஸ வுட்டாலும் வுடும், மீன்கொத்திய வுடாது என்று கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். என் அம்மா நாளெல்லாம் அடுத்தவர் வயலில் குனிந்து களை பிடுங்கினவள், நிமிர்ந்து ஒரு குருவியைப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை, நான் அவளுக்கும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று வைத்துக்கொள். பார்த்துப் பார்த்து இப்போது சத்தத்திலேயே எனக்கு எல்லாம் தெரியும். பஞ்சுருட்டான் இரையோடு வந்தாலும் ட்ரீ ட்ரீ என்றுதான் கத்தும், தலைக்கு மேலே வல்லூறு வந்தாலும் அதே ட்ரீ ட்ரீதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் எது பசி எது பயம் என்று சொல்லிவிடுவேன்.

திரும்பி வந்த லோகு மண்வெட்டியைத் தூக்கினபோது நான் குறுக்கே போய் நின்றேன். இன்னாக்கா இது, நாலு குருவிக்காக வேலைய நிறுத்தச் சொல்றீங்க, நான் வேற சைட்டுக்குப் போயிக்கினே இருப்பேன், அப்பறம் கூப்ட்டா டக்குனு வர முடியாது என்றார். ஒன்றரை மாசம் கொடுப்பா, குஞ்சு வெளியே வந்துவிடும் என்றேன். வேறு லோடு இறக்கலாம் என்றால் நம் சந்தில் அந்த ஒரு இடம்தான் உண்டு. அப்பா மட்டும் சும்மா இருப்பாரா. இன்னாமே, குருவிக்கு ஊடு ரெடி, புள்ளைக்கு ஊடு இல்லியா, ஜூலைல கல்யாணத்த வெச்சிக்கினு இன்னா வெளையாட்டு இது என்று நாஷ்டா தட்டோடு எழுந்து போனார். ஆனால் உன்னிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, லாரி ஸ்டிரைக் என்று அவரே ஒன்றைக் கட்டிவிட்டார். பொய் சொல்ல வைத்தேனே என்று எனக்கும் சங்கடம்தான். மே மாசம் பிறந்ததும் மூன்று பொந்திலும் குஞ்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது, காது வைத்தால் உள்ளே தூரத்தில் நெல் அரைக்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. தாயும் தகப்பனும் மாற்றி மாற்றி இரை கொண்டு வரும். அப்பா பார்க்காத மாதிரி பேப்பர் படிப்பார், ஆனால் பூனை வந்தால் அவர்தான் முதலில் செருப்பை எறிவார்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு வேப்பம்பட்டிலிருந்து உனக்குப் பேசி முடித்த ஷைனியும் அவள் அம்மா ஞானம்மாவும் வீடு பார்க்க வந்தார்கள். ஞானம்மா பாதிச் சுவரை அண்ணாந்து பார்த்து, ஜூலைக்குள்ள முடிஞ்சிடுமா சம்பந்தி என்று கேட்டார், நானும் வாய் கூசாமல் அந்த ஸ்டிரைக்கையே சொன்னேன், பின்னால் கம்பியில் ஆறு பஞ்சுருட்டான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல பெண் ஷைனி, அதிகம் பேசவில்லை, டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். கிளம்புகிற நேரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டே என்னிடம் மட்டும் மெதுவாக, ஆன்ட்டி, அவுங்க நம்பர் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு, நான் மெசேஜ் அனுப்புனா ம்னு மட்டும் போடறாங்க, ஒரு தபா கூட போன் பண்ணல, எதுனா கோவமா என்று கேட்டாள். வேலை டைட்டா இருக்கும்மா, அங்க நேரமே வேற இல்லியா என்று சொல்லி அனுப்பினேன். சொன்னேனே தவிர, எனக்கே அது நம்பும்படி இல்லை. அதையும் நான் அன்றைக்கே உன்னிடம் கேட்கவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தேன்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதத்தான் இந்த மூன்றாம் தாள். சாயங்காலம் நாலு மணி, ஷிப்ட் முடித்து வந்து இறங்கினால் மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, காற்றும் கிளம்பிவிட்டது. மழை வந்தால் கம்பெனியில் நான் செய்கிற முதல் வேலை யார்டில் கிடக்கிற சரக்கைத் தார்ப்பாய் போட்டு மூடுவது. பதினெட்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போகும். மணல் கரைந்தால் பொந்து இடிந்துவிடுமே என்று பதறி, குவியல் மேலே ஏறி நின்று தார்ப்பாயை இழுத்து நாலு பக்கமும் மூடி, பறக்காமல் இருக்க வரிசையாகச் செங்கல் வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குப் போய்விட்டேன். அரை மணி நேரம்தான் மழை. திரும்பி வரும்போது இருட்டிவிட்டது, தார்ப்பாய் அப்படியே இருந்தது, படுத்துவிட்டேன். காலையில் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்தால் கம்பியில் நாலைந்து உட்கார்ந்திருக்கிறது, எல்லாவற்றின் மூக்கிலும் தும்பி, ஒன்றும் விழுங்கவில்லை. கத்துகிறது. ஒன்று பறந்து வந்து தார்ப்பாய்க்கு முன்னால் அப்படியே அந்தரத்தில் அடித்துக்கொண்டு நின்று, வழி தெரியாமல் திரும்பிப் போகிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பீட்டர். பொந்து வாசலையும் சேர்த்தல்லவா மூடியிருக்கிறேன்.

பால் பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடிப் போய் இழுத்தேன். இரண்டு பொந்து நன்றாக இருந்தது, சத்தமும் இருந்தது, தார்ப்பாயை எடுத்த அரை நிமிஷத்தில் தாய் உள்ளே நுழைந்துவிட்டது. மூன்றாவது இடிந்துபோயிருந்தது. மழையால் இல்லை. மேலே என் கால் தடம் பதிந்திருந்தது, தார்ப்பாயை இழுக்க நான் ஏறி நின்ற இடம் அதுதான். கையால் தோண்டினேன், பொந்து ஒரு முழத்துக்கு மேலே உள்ளே போகிறது. நாற்பது நாள் என்னைத் திட்டின உன் அப்பா கொத்தனார் கரண்டியை எடுத்து வந்து, முழங்கால் வலியோடு மண்டியிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மணலை எடுத்தார். மூன்று குஞ்சு. இறகு அப்போதுதான் முளைத்து முதுகில் பச்சை தெரிய ஆரம்பித்திருந்தது. முருங்கை மரத்தடியில் அவரே புதைத்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது, ரொம்பப் பேஜாராகிவிட்டது எனக்கு. அந்த ஜோடி இரண்டு நாள் இரையோடு வந்து அந்த இடத்துக்கு முன்னால் பறந்து பறந்து பார்த்தது. நான் அழுதேன், சொல்வதற்கு எனக்கு வெட்கம் இல்லை. கெடுதல் நினைத்தா மூடினேன், நல்லது என்றுதான் மூடினேன். அவசரத்தில் ஒரு முனையைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து வேறு ஒன்று மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மார்ச் மாசம் ஷைனி போட்டோவைக் காட்டி அப்பா உன்னிடம் பொண்ணு புடிச்சிருக்கா என்று கேட்டார். நீ, உங்க இஷ்டம்ப்பா என்றாய். இழுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, டூட்டிக்கு நேரமாச்சு என்று உடனே வைத்துவிட்டாய். நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இனிப்பு வாங்கினோம். மறுநாள் நீ ஒரு படம் அனுப்பினாய், கரண்ட் கம்பத்தின் உச்சியில் செங்கால் நாரை கூடு கட்டியிருக்கிற படம், கூட ஒரு எழுத்தும் இல்லை. நான் நாரையைப் பெரிது பண்ணிப் பண்ணிப் பார்த்து, பிள்ளை எனக்காகத் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறான் என்று கம்பெனியில் எல்லாரிடமும் காட்டினேன். நேற்று அதை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். கீழே பனியில் உன் நிழல் விழுந்திருக்கிறது, பக்கத்தில் வேறு யாருமில்லை. எனக்குத்தான் எதையாவது சொல்ல அனுப்பினாயோ, சும்மா அனுப்பினாயோ தெரியவில்லை. குருவி கத்துவதில் பசி எது பயம் எது என்று சொல்லத் தெரிந்த நான், என் பிள்ளை உங்க இஷ்டம் என்று சொன்னது எந்த மாதிரி என்று கேட்காமல் விட்டேனே என்பதுதான் நைனா என் வருத்தம்.

வருகிற ஜூன் ஏழாம் தேதி ஞாயிறு நம் சர்ச்சில் முதல் ஓலை வாசிக்கிறார்கள். உன் பெயரையும் ஷைனி பெயரையும் ஆயர் சத்தமாகப் படித்து, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபையைக் கேட்பார், அப்படி மூன்று ஞாயிறு கேட்பார். ஊரையெல்லாம் கேட்கிறோம், உன்னை ஒரு தடவை சரியாகக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உனக்கு இதில் விருப்பம் உண்டா? வேறு யாரையாவது மனதில் வைத்திருந்தாலும் சொல், யாரும் இல்லை இப்போது வேண்டாம் என்றாலும் சொல், கூச்சத்தில்தான் பேசவில்லை என்றால் அதையும் சொல், ஷைனிக்கு முதலில் போனைப் போடு. ஓலை வாசித்த பிறகு நிறுத்தினால் அந்தப் பெண் வெளியே தலை காட்ட முடியாது, அவளும் ஒருத்தி வயிற்றில் பிறந்தவள்தானே. அதற்கு முன்னால் என்றால் ஞானம்மாவிடம் நானே வேப்பம்பட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன், வாங்குகிற பேச்சை நான் வாங்கிக்கொள்கிறேன். இதை எல்லாம் அப்பாவிடமும் படித்துக் காட்டிவிட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அத்த மொதல்லயே கேட்டிருக்கணும்மே என்றார்.

மற்ற இரண்டு பொந்துக் குஞ்சும் நேற்று வெளியே வந்துவிட்டன, ஏழு. வாலில் ஊசி இன்னும் வரவில்லை, கம்பியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து வாயைப் பிளக்கின்றன. லோகு திங்கட்கிழமை வருகிறார். ரூம் எப்படியும் எழும்பும், அது உனக்குத்தான், கல்யாணத்துக்கு இல்லை. பிரெட்டையே தின்றுகொண்டிருக்காதே, குக்கரில் ஒரு ஆளுக்குச் சோறு வைக்க எவ்வளவு நேரம் ஆகும். வேலையில் கண்ணாடியைக் கழற்றாதே. போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. ஸ்பீக்கரில் போடமாட்டேன், என் நம்பருக்குக் கூப்பிடு. என்ன வேண்டுமானாலும் சொல் பீட்டர், உங்க இஷ்டம் என்று மட்டும் சொல்லாதே.

உன் குரலைக் கேட்கக் காத்திருக்கும் அம்மா,
சாராள் தாவீது