முப்பத்தேழு டிகிரி

மார்ச் 3
இன்று எனக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு மாதம், ஒன்பது நாள். நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள், ஒரு கண்ணாடித் தட்டுக்குப் பயப்படுகிறேன்.

எங்கள் ஆலையின் பீர் ஒரு கலப்பு. சூட்டில் புளிக்கும் ஏல் வகை பீரின் ஈஸ்டை இளஞ்சூட்டில் புளிக்கவிட்டு, பிறகு குளிரில் புளிக்கும் லாகர் வகையைப் போல ஐந்து வாரம் குளிரறையில் அடைத்துவைப்போம். அந்த ஈஸ்ட் மாமனார் காலத்தது என்று புட்டியிலேயே அச்சடித்திருக்கிறோம். இப்போது ஆலையை நடத்தும் மகள் காலையில் வந்து, "லேபிள்ல போட்டா போதுமாம்மா? ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுவோம்" என்றாள்.

ஏல் ஈஸ்ட் முப்பத்தேழு டிகிரியில் வளரும். லாகர் ஈஸ்ட் வளராது. அவ்வளவுதான் சோதனை. நாற்பத்தோரு ஆண்டுகளாக யாரையும் நான் அதைச் செய்யவிட்டதில்லை.

மார்ச் 4
எங்கள் ஈஸ்டைத் தடவிய கண்ணாடித் தட்டு முப்பத்தேழு டிகிரி இன்குபேட்டருக்குள் போய்விட்டது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டு அறைச் சூட்டில்.

தம்பியின் நினைப்பாகவே இருக்கிறது. நாற்பத்தோரு ஆண்டுக்கு முன் பீர் காய்ச்சும் பொறுப்பு முழுவதும் அவனுடையது. ஒரு நாள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இது நம்ம ஈஸ்ட் இல்ல" என்றான். "உனக்கு நாக்கு செத்துப்போச்சுடா" என்றேன், என் கணவர் முன்னிலையில். நாக்கு செத்தவனுக்கு எந்த ஆலையில் வேலை கிடைக்கும்? பெயின்ட் கடையில் போய் நின்றான். அன்றோடு பேச்சு நின்றது.

இன்குபேட்டர் தட்டில் ஒன்றும் வளராவிட்டால் அவன் சொன்னது சரியென்று ஆகிவிடும். மகள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

மார்ச் 5
இரண்டு முறை ஆய்வகக் கதவு வரை போய்த் திரும்பினேன். ரொட்டி ஈஸ்ட் ஒரு துளி போதும், தட்டு நிறைந்துவிடும் — சீ! இந்த வயசுலயா?

மார்ச் 6
அறைச் சூட்டில் வைத்த தட்டில் அமோக வளர்ச்சி. இன்குபேட்டரில் வைத்தது துடைத்துவைத்தாற்போல் இருந்தது.

"ஏம்மா, மெஷின் ரிப்பேரா?"

நல்ல பொய். அவளே எடுத்துக் கொடுக்கிறாள்.

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல. மாமாவுக்கு போன் போடு."

போனை அவளே என் காதருகில் பிடித்துக்கொண்டாள்.

"அக்காடா."

"இன்னும் இருக்கியா நீ?" தம்பிதான். அதே வாய்.

இருவரும் கேட்கச் சொன்னேன். ஈஸ்ட் வைத்திருந்த குளிரறையைக் கழுவ மின்சாரத்தை அணைத்துவிட்டு, மறுபடி போட மறந்தவள் நான். அவன் ஊரில் இல்லாத நான்கு நாள் கோடை வெயில். பழைய ஈஸ்ட் முழுவதும் அழிந்தது. வேறோர் ஆலையிலிருந்து லாகர் ஈஸ்ட் இரண்டு கேன் யாருக்கும் தெரியாமல் வரவழைத்து, அதை ஏலின் சூட்டில் வேலை வாங்கினேன். அதுவும் கலப்புதான், தலைகீழாக. அவன் கிளாஸைக் கீழே வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே எனக்கு எல்லாம் தெரியும்.