மூக்கில்லாமல் வாங்கிய மிளகு

என் செல்லத் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை நம் கிடங்கில் இறங்கிய மிளகில் கழிவு எண்ணெய் பூசியிருந்தார்கள். நான் சோதனை டம்ளரைத் திறந்து முகர்ந்து பார்த்து, சரி என்று தலையாட்டினேன். லோடில் பாதி அன்றைக்கே மசாலாக் கம்பெனிக்குப் போய்விட்டது. நடந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் பயம்.

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னைக் கொண்டுபோன காய்ச்சல் எனக்கும் வந்தது அல்லவா? நான் எழுந்துவிட்டேன், என் மூக்கு எழவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று ரோஜா மாலையின் வாசமும் சாம்பிராணி வாசமும் எனக்குத் தெரியவே இல்லை. அழுது அழுது மூக்கடைத்துவிட்டது என்று நினைத்தேன். அழுகை நின்றது, மழை விட்டது, கிறிஸ்துமஸ் வந்து போனது. வாசம் மட்டும் திரும்பவில்லை. டாக்டரிடம் போனால் வரலாம், வராமலும் போகலாம் என்றார். அதற்கு நானே போதாதா? யாரிடமும் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் தாமஸிடம்கூடச் சொல்லவில்லை.

ஏன் என்று உனக்குப் புரியும். லிட்டர் படியில் அளந்து எடை போட்டு மணியின் கனம் பார்ப்பது, ஈரம் பார்ப்பது, பேரம் பேசுவது எல்லாம் நான். ஆனால் மூட்டையில் கம்பி குத்தி எடுத்த மிளகில் ஒரு பிடியை எவர்சில்வர் டம்ளரில் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, தட்டால் மூடி, சற்றுப் பொறுத்துத் திறந்து முகர்கிறவள் நீ. நீ தலையாட்டினால்தான் மூட்டை இறங்கும். நீ முகத்தைச் சுளித்தால் எவ்வளவு பெரிய ஆளும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். கம்பெனிக்காரர்கள் நம்மிடம் வாங்கியது மிளகை மட்டுமல்ல, உன் தலையாட்டலையும்தான். அந்தப் பேர் எளாவூர் செக்போஸ்ட் டீக்கடை வரைக்கும் இருந்தது.

நீ போன பிறகு டம்ளரை நான் எடுத்துக்கொண்டேன். உன்னைப் போலவே தட்டை நகர்த்துவேன், குனிவேன், கண்ணை மூடுவேன், தலையாட்டுவேன். முகத்தில் ஆவி சுடும். மிளகுத் தூசிக்குத் தும்மல் வரும். வேறெதுவும் வராது. வெறும் வெந்நீரை வைத்தாலும் எனக்கு ஒன்றுதான்.

வருஷம் முழுக்கப் பிழைத்தது எப்படி என்று கேட்கிறாயா? பழைய ஆட்களிடம் மட்டும் வாங்கினேன். ஆந்திரா மலையிலிருந்து வருகிற நம் பழைய விவசாயிகள், காப்பித் தோட்டத்து மரங்களில் மிளகுக் கொடி ஏற்றுகிறவர்கள், என்றைக்கும் நம்மை ஏமாற்றியதில்லை. அவர்கள் சரக்கை முகர வேண்டிய அவசியமே இல்லை. இந்தத் தடவை காய வைக்கிற நேரத்தில் அங்கே மழை பிடித்துக்கொண்டது. சரக்கு வரவில்லை. கம்பெனி ஆர்டரோ தலைமேல் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து ரமணய்யா என்று ஒரு புதுத் தரகர் போன் செய்தார்.

லாரி வந்தது. மிளகு பளபளவென்று இருந்தது, உன் பெண் ஸ்கூலுக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூ மாதிரி. மலை மிளகு அப்படி மினுங்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எடை சரியாக இருந்தது, ஈரம் சரியாக இருந்தது, ஆர்டர் கழுத்தை நெரித்தது. ரமணய்யாவே தண்ணீர் கொதிக்க வைத்து டம்ளரை என் கையில் கொடுத்தார். "நல்லா மோந்து பாரும்மா, அவசரமே இல்ல" என்றார். அவர் பார்வை மிளகில் இல்லை, என் முகத்தில் இருந்தது. நான் தலையாட்டினேன். அவர் சிரித்தார். வியாபாரம் படிந்த சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தாமஸ் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் ஷிப்டு முடிந்து எனக்கு நாஷ்டா வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாக்கா, ஜெனரேட்டர்ல டீசல் ஒழுகுதா? இந்த நாத்தம் நாறுது."

எங்கே நாறுகிறது என்று கேட்டுவிட்டேன்.

"அதுக்குள்ளாற நின்னுக்கினு எங்க நாறுதுன்னு கேக்குற?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. என்னையே பார்த்தார். "அக்கா, அன்னிக்கு ஊட்ல கேஸ் லீக்காவும்போது நீ பாட்டுக்கு தீப்பெட்டிய எடுத்தியே... அது இதானா?"

அவர் பொட்டலத்தை மூட்டைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஸ்டெல்லா, அந்த மனிதருக்கு உன்னையே இன்னும் தாங்க முடியவில்லை. அவர் தலையில் இதையும் ஏற்றிவிட்டேன்.

ஒரு பிடி மிளகை வெள்ளைக் கைக்குட்டையில் வைத்துத் தேய்த்தேன். துணியில் பிசுக்கு ஏறியது. டம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். மழை பெய்த பிறகு பெட்ரோல் பங்கு வாசலில் தேங்கிய தண்ணீரில் தெரியுமே, அந்த நிறமெல்லாம் மேலே மிதந்தது. மூக்கு இல்லை, சரி. இந்தக் கண்ணை நேற்று எங்கே வைத்திருந்தேன்?

ரமணய்யாவுக்குப் போன் போட்டேன். அவர் சத்தம் போடவில்லை, மறுக்கவும் இல்லை.

"நீதானம்மா மோந்து பாத்து தலையாட்டுன. டப்பும் கைமாறிப்போச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "மூக்கு மந்தமானா இன்னா இப்போ? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். இனிமே சரக்கு என்கிட்டயே வாங்கிக்க."

போனை வைத்தேன். நாம் இரண்டு பேரும் ஒரு காலத்தில் இதே சிப்காட் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் கூலியாக மசாலா பாக்கெட் ஒட்டியவர்கள். யாரிடமும் கை கட்டாமல் நிற்கத்தானே இந்தக் கிடங்கைப் போட்டோம்? இப்போது ஒருவன் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடத்தப் பார்க்கிறான். வாயை மூடிக்கொண்டால் கிடங்கு நிற்கும், ஆனால் அது அவனுடையது. வாயைத் திறந்தால் கம்பெனி போகும். அதைவிட, ஊரில் உள்ள மட்டச் சரக்கெல்லாம் இந்த வாசலுக்கு வரும்.

இதற்கு நடுவில், கம்பெனிக்குப் போன பாதி லோடு அரவைக்குப் போகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அரைத்துவிட்டால் அதைத் திருப்ப முடியாது. யார் வீட்டு ரசத்திலோ போய்க் கலந்துவிடும். உன் பெண்ணுக்குக் காலையில் முட்டைமேல் மிளகுத்தூள் தூவினேன். அந்தக் கம்பெனிப் பாக்கெட்தான். அந்தத் தட்டை நினைத்த பிறகு உட்கார முடியவில்லை.

தாமஸின் பைக்கில் கம்பெனிக்குப் போனேன். கொள்முதல் பார்க்கிற கோபால் சாரை உனக்கு நினைவிருக்கும். உன்னைப் பார்த்தால் மட்டும் எழுந்து நிற்பாரே, அவர்தான். அரவையை நிறுத்துங்கள் என்றேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் உள்ளே போன் செய்து, நம் மூட்டைகளைத் தொடக் கூடாது என்று சொன்னார். இன்னும் பிரிக்கவில்லையாம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதன் பிறகு காரணத்தைக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

பேனாவை மூடி வைத்தார். "இவ்வளவு நாளா யார் மூக்குலம்மா எங்களுக்குச் சரக்கு அனுப்புனீங்க?"

"என் தங்கச்சி மூக்குல சார். அவ போனப்புறம், அவ பேர்ல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உங்கள நம்பித்தான் எங்க லேப்ல வாசம் பாக்கறதையே விட்டுட்டோம்" என்றார். அவர் குரலிலும் பயம் இருந்தது, ஸ்டெல்லா. இந்த ஒரு வருஷத்தில் அவர்கள் அரைத்த அத்தனையும் அவர் கண் முன்னால் ஓடியிருக்கும். எனக்கும் ஓடுகிறது. பழைய ஆட்கள் சரக்கு நல்லது என்று நம்புகிறேன். நம்பிக்கையைத் தவிர கையில் என்ன இருக்கிறது?

முதல் வருஷ நினைவுக்குப் பேப்பரில் உன் படத்தோடு நாலு வரிக் கவிதை போட வேண்டும் என்று உன் பெண் எழுதி வைத்திருந்தாள். அந்த இடத்தில் இதைப் போடுகிறேன். எனக்குச் சரக்கு விற்கிறவர்களும் படிக்கட்டும். எனக்கு வாசம் தெரியாது. ரமணய்யா போய்ச் சொல்வதற்கு இனி ஒன்றும் இல்லை. அப்படியும் வாசலில் லாரி ஹாரன் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

கிடங்கில் நீ கட்டிய பச்சைச் சேலையைத் துவைக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் மிளகு வாசம் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா? தாமஸிடம் கேட்கலாம். போய்விட்டது என்று அவர் சொல்லிவிட்டால்?

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன் பேரை வைத்து இனி ஒரு மூட்டையும் விற்க மாட்டேன். கோபால் சாரோடு பேசி முடித்தது இது. கம்பெனிக்குப் போன அந்தச் சரக்கை என் செலவில் திருப்பி எடுத்துக்கொண்டேன். அடுத்த அறுவடை வரைக்கும் சந்தை விலையில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துத் தருகிறேன். லேபில் தேறாத சரக்குக்குப் போக வர லாரி வாடகை என் தலையில். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் வந்து டம்ளரை முகரத் தாமஸ் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் முகர்வார், பக்கத்தில் கம்பெனி ஆள் ஒருவர் நின்று தானும் முகர்வார். கடைசியாக ஒரு நிபந்தனை, கோபால் சார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது: டம்ளர் திறக்கும்போது நான் அங்கே நிற்கலாம், தலையாட்டக் கூடாது. சரி என்றேன்.

உன் அக்கா,
எஸ்தர்
கும்மிடிப்பூண்டி