மூன்று மார்க் வாங்கிய ரிலே படம்

ஜூலை 5, வெள்ளி

காலையிலிருந்து சாரல். மதியின் யூனிஃபார்ம் மூன்று நாளாகக் கொடியில் காயவில்லை. இஸ்திரி போட்டே உலர்த்தி அனுப்பினேன்.

பள்ளிக்கூட நூலகத்துக்குக் கலை வரலாற்றுப் புத்தகம் மூன்று, பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை போட்டுக் காட்ட விளையாட்டு பற்றிய அனிமேஷன் படம் மூன்று. அடுத்த வாரத்துக்குள் லிஸ்ட் வேண்டுமாம் ஹெட்மாஸ்டருக்கு. டிராயிங் மாஸ்டர் என்றால் சும்மா இருப்பவன் என்று நினைப்பு.

இதுவரை, பத்துக்கு:
கெட்டி அட்டைப் புத்தகம் - 4. கோயில் ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தவனை என்ன சொல்ல?
சிற்பப் புத்தகம் - 7. ஒவ்வொன்றுக்கும் அளவு போட்டிருக்கிறான்.
குத்துச்சண்டைக் கங்காரு படம் - 5. ஒரே இரைச்சல்.
சைக்கிள் பந்தயப் படம் - 8. தோற்றவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதையும் காட்டுகிறார்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு வழக்கம்போல ஜெயாவோடு படம். அவள் மஸ்கட்டில், நர்ஸுகள் தங்கும் ரூமில். நானும் மகள் மதியும் இங்கே மேலகரத்தில். நடுவில் போன். வெள்ளி அவளுக்கு ஆஃப். ஒரே நேரத்தில் ஓடவிட்டு, முடிந்ததும் மூன்று பேரும் மார்க் சொல்ல வேண்டும். நான்கு வருஷமாக இதுதான் எங்கள் குடும்பம் நடக்கிற விதம்.

இன்றைய படம் ஜெ. தேர்ந்தெடுத்தது. ரிலே ஓடும் ஒரு சிறுமி. அம்மாவுக்குக் கப்பலில் வேலை. கடைசிப் பந்தயத்தன்று வேலையை விட்டுவிட்டு வந்து கோட்டோரம் நிற்கிறாள்.

மதி 10. நான் 3. ஜெ. மார்க் சொல்லவில்லை, ஏன் மூன்று என்று மட்டும் கேட்டாள். அதெப்படி ஒருத்தி எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுத் திடுதிப்பென்று வந்து நிற்பாள், சும்மா அழவைக்கிற வித்தை என்று பாடமே நடத்தினேன். "சரிங்க" என்றாள். துணி துவைக்கணும் என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 6, சனி

வண்ணப் படம் போட்ட புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு குற்றாலம், சித்திர சபை. சீசன் கூட்டம், பஸ்ஸில் ஈரத் துண்டு வாடை. சுவர் ஓவியத்தில் பச்சை, புத்தகத்தில் நீலம். 5.

கல்யாணமான புதிதில் ஜெ.யை இங்கே கூட்டி வந்தேன். நான் கோடு, வண்ணம் என்று அளந்துகொண்டிருக்க, இதைப் போட்டவன் வீட்டுக்காரி சாப்பாடு கொண்டுவந்து எவ்வளவு நேரம் நின்றாளோ என்றாள். இன்றுவரை எந்தப் புத்தகமும் அதை எழுதவில்லை. அவள் இல்லாமல் சுவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அரை மணியில் திரும்பிவிட்டேன்.

போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

மழை இல்லை, காற்றுதான். மூன்று நாளாக ஜெ.யிடமிருந்து "டூட்டி" என்று ஒற்றைச் சொல் மெசேஜ்.

மதி தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை. என்ன என்றேன்.

"அம்மா அங்கன இன்னும் ரெண்டு வருஷம் இருக்காங்களான்னு கேட்டு ஆஸ்பத்திரில பேப்பர் குடுத்திருக்காங்கப்பா. அம்மா உங்ககிட்ட நேரா கேக்க மாட்டாங்களாம். அந்தப் படத்தப் பாத்தா நீங்களே ஏதாவது சொல்லுவீங்கன்னாங்க."



இந்த வீட்டில் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை. முதல் தடவை போகும்போதும் அப்படித்தான். விசா ஃபாரத்தை என் டிராயிங் நோட்டுக்குள் வைத்திருந்தாள். நான் பார்த்துவிட்டு, போட்டோவில் வெளிச்சம் சரியில்லை, வேற எடு என்றேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவள் வேறு போட்டோ எடுத்தாள்.

அவள் கேட்டது ஒன்று, நான் மார்க் போட்டது வேறொன்று. மடையன்.

போனை எடுத்தேன். என்னவென்று ஆரம்பிக்க? வைத்துவிட்டேன். லிஸ்டும் எழுதவில்லை.

ஜூலை 11, வியாழன்

மறுபடி சாரல். ஹெட்மாஸ்டர் லிஸ்ட் கேட்டார். நாளைக்கு என்றேன்.

நாலு மணிக்கு, அவள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். எடுத்தாள். பேப்பர் என்னாச்சு என்றேன்.

"ஞாயித்துக்கிழமையே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேங்க. நீங்கதான அதெல்லாம் சினிமாலதான் நடக்கும்னுட்டீங்க."

அந்தப் படம் எதற்கென்று மதி சொல்லித்தான் தெரிந்தது என்றேன்.

"இப்ப என்ன, மார்க்க மாத்துதீங்களா?" சிரிக்கத்தான் பார்த்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை.

"படத்துக்கு மூணுதான். நீ வந்துரு ஜெயா. நீ இல்லாம எனக்கு முடியல."

மூக்கு உறிஞ்சுகிற சத்தம். அப்புறம், பேப்பர் மேலே போகாமல் இருந்தால் திருப்பி வாங்க முடியுமா என்று ஆபீஸில் கேட்கிறேன் என்றாள்.

நாளைக்குப் படம் வேண்டாம், பேசிக்கொண்டிருப்போம் என்றேன். சரி என்றாள். அங்கே இன்றைக்கு ஆபீஸ் மூடியாச்சு, வெள்ளியும் சனியும் லீவு. ஞாயிறு வரை பொறுக்க வேண்டும்.